மிஸ் காக்பர்ன், கோத்தகிரி

தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது புள்ளையும் அதில் சேர்த்தார். குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும் என்று பின்வந்தவர்கள் விரித்தார்கள். பதினைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் இதை நடத்திவருகிறேன். எந்தப் பறவை எந்த நிலத்துக்கு உரியது என்ற கேள்வி நமக்குப் பழையது. நம் மலைகளில் அக்கேள்விக்கு யாரெல்லாம் விடை எழுதினார்கள், அவர்களில் யார் பெயர் நின்றது என்று தேடியபோது, எனக்கு முதலில் கிடைத்தது ஒரு பெண்ணின் பாதிப் பெயர்தான்.

காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக நாம் பள்ளியில் படித்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், 1873இல் இந்தியப் பறவைகளின் கூடுகள், முட்டைகள் பற்றிய நூலை வெளியிட்டார். பல ஊர்களிலிருந்து பலர் எழுதி அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்த நூல் அது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ராணுவத்திலும் அரசுப் பணியிலும் இருந்தவர்கள். நீலகிரிப் பறவைகள் வரும் பக்கங்களில் மட்டும் ஒரு பெண் திரும்பத் திரும்ப வருகிறார்: கோத்தகிரியைச் சேர்ந்த மிஸ் காக்பர்ன். இந்தப் பறவை எந்த மாதம் கூடு கட்டுகிறது, எதைக்கொண்டு கட்டுகிறது, எத்தனை முட்டை இடுகிறது, முட்டையின் நிறம் என்ன என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். ஆனால் அவர் யார் என்பதை நூல் சொல்வதில்லை.

முழுப்பெயர் மார்கரெட் புஷ்பி லாசெல்ஸ் காக்பர்ன். 1829இல் பிறந்து 1928 வரை வாழ்ந்தவர். தந்தை சேலத்தில் கலெக்டராக இருந்தவர். ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர். மகள் கோத்தகிரியில் இருந்துகொண்டு பறவைகளையும் தாவரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அன்றைய பறவையியலில் இரண்டு வகை அறிவு இருந்தது. ஒன்று துப்பாக்கியோடு பயணம் போகிறவரின் அறிவு. ராணுவ மருத்துவரான ஜெர்டன் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். பறவையைச் சுட்டு, தோலுரித்து, பெயரிட்டார். சுடப்பட்ட பறவை அன்று அந்த இடத்தில் இருந்தது என்பதை மட்டுமே அந்தத் தோல் சொல்லும். அது வலசை போகும் வழியில் வந்ததா, அங்கேயே வாழ்ந்ததா என்று சொல்லாது. அதைச் சொல்வது கூடு. கூட்டைக் காண ஓரிடத்தில் பல பருவங்கள் இருக்க வேண்டும். ஒரே புதரை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இது தங்கியிருப்பவரின் அறிவு. வீட்டோடு இரு என்று சொல்லப்பட்ட பெண், அந்த வீட்டைச் சுற்றிய மலையைப் படித்துவிட்டார்.

பெயர்கள் மட்டும் பயணம் போனவர்களுக்கே கிடைத்தன. மலைச்சோலைச் சிரிப்பான்களில் வயநாட்டுப் பக்கம் வாழும் ஒன்று ஜெர்டன் பெயரைச் சுமக்கிறது. பழனி மலையில் வாழ்வது அங்கே பறவைகள் சேகரித்த பாதிரியார் ஃபேர்பேங்க் பெயரைச் சுமக்கிறது. கோத்தகிரிப் பெண்ணின் பெயர் எந்தச் சிரிப்பானுக்கும் இல்லை.

அதற்காக மார்கரெட்டை வெறும் பாதிக்கப்பட்டவராக நான் எழுத மாட்டேன். அவர் ஆளும் இனத்தின் மகள், கலெக்டரின் மகள். முட்டை சேகரிப்பு என்பதே கூட்டைக் கலைப்பதுதான். எந்தப் பறவையின் குரல் எந்தச் சரிவிலிருந்து வரும் என்பது இருளர், கோத்தர், படகர் பெண்களுக்கு அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். விறகுக்கும் கிழங்குக்கும் தேனுக்கும் போனவர்களுக்குத் தெரியாமலா? அவருக்குப் பாதிப் பெயராவது அச்சில் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. பெண் வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டு இல்லாமைகளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

2017இல் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட ஆய்வு, மேற்குமலை உச்சிப் பறவைகளின் வரலாற்றை மாற்றி எழுதியது. சுமார் 1400 மீட்டருக்கு மேலே உள்ள சோலைகள் கடலில் தீவுகள்போலத் தனித்தனியாக நிற்கின்றன. நடுவே பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் பிளக்கின்றன. குளிர்ச்சோலையை விட்டு இறங்காத சிறு பறவைகள் கணவாய்க்கு இந்தப்புறம் ஒன்றாகவும் அந்தப்புறம் வேறொன்றாகவும் பிரிந்துபோயின. மரபணுவைப் பார்த்தபோது அவை இமயத்தின் உறவினரோடு சேர்க்கத் தக்கவை அல்ல, தனிப் பேரினம் என்று தெரிந்தது. சிரிப்பான்கள் மோன்டெசின்க்லா ஆயின. தரையோடு ஒட்டி, புதருக்குள் ஒளிந்து வாழும் நீலப் பறவை ஷோலிகோலா ஆனது. சோலையில் வாழ்வது என்று பொருள். லத்தீனுக்குள் நம் சொல். அகத்தியமலைப் பகுதியிலிருந்து ஒரு புதிய இனமும் அதில் சேர்ந்தது. இவற்றைச் 'சோலைக்கிளி' என்கிறார்கள். நம் பச்சைக்கிளி அல்ல. மலையாளத்தில் கிளி என்றால் சிறு பறவை.

நீலகிரிச் சிரிப்பானும் நீலகிரிச் சோலைக்கிளியும் இன்று அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கின்றன. தேயிலை, தைலமரம், சீகை என்று மலை மாறிவிட்டது. பழனி மலையின் புல்வெளி மட்டும் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியது. எது எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் எது போயிற்று என்று சொல்ல முடியும். ஊரும் மாதமும் குறித்த ஒரு பழைய கூட்டுக்குறிப்பு அப்போது சாட்சியாகிறது.

என் மாணவி ஒருத்தி விலங்கியல் முதுகலைக்குப் போனாள். விடியுமுன் காட்டுக்குள் நிற்க வேண்டிய களப்பணி அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் கேட்டது எந்தப் பறவை என்று அல்ல: யாரோடு போகிறாய், எங்கே தங்குவாய். ஆய்வகத்துக்குள் முடியும் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவள் போயிருந்தால் நின்றிருக்கக்கூடிய சரிவில் அந்த ஆண்டு என்ன கூடு கட்டியது என்பது எந்தக் குறிப்பேட்டிலும் இருக்காது. பெண்கள் போகாத காட்டில் இழப்பு பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம்; காட்டைப் பற்றிய அறிவுக்கும் அது இழப்புதான்.