துப்பாக்கிக் குழலும் கமராக் குழலும்

1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி, இலங்கையில் இருந்த காலத்தில் 1,400 வரையிலான யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுகிறது. அவருக்குப் பின் வந்த சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டைகளைத் தனி நூலாகவே எழுதிப் புகழ் பெற்றார். 1894இல் இத்தீவில் உருவான வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும் முதலில் வேட்டைக்காரர்களின் சங்கமே. சுடுவதற்கு விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்ற கவலையே அதன் தொடக்கம். அதே சங்கம் 1936இல் ‘லோரிஸ்’ சஞ்சிகையைத் தொடங்கியது. யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களானது 1938இல்.

துப்பாக்கியின் இடத்தைக் கமரா பிடித்துக்கொண்டது, அதற்கு வழிவகுத்தது டெலிபோட்டோ லென்ஸ் என்பது பலரும் சொல்லும் கதை. கதை அழகானதுதான். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது அவ்வளவு நேராகப் பொருந்தி வருவதில்லை.

டெலிபோட்டோ லென்ஸ் பிறந்த ஆண்டு 1891. லண்டனில் தோமஸ் டால்மேயர், ஜேர்மனியில் அடொல்ஃப் மீதே, ஸ்டைன்ஹைல் ஆகியோர் ஏறத்தாழ ஒரே வேளையில், ஒருவரையொருவர் சாராமல், அதனை உருவாக்கினர். தத்துவம் எளிது. சாதாரண லென்ஸ் ஒன்றின் குவியத்தூரம் 600 மில்லிமீற்றர் என்றால் கமராவின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்க வேண்டும். முன்னால் குவிவு வில்லையும் பின்னால் குழிவு வில்லையும் வைத்தால், கருவி குட்டையாகவும் பிம்பம் பெரிதாகவும் அமையும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ வானத்தை நோக்கித் திருப்பிய தொலைநோக்கியின் நெருங்கிய உறவு இது.

ஆனால் ஒளி இலவசமாகக் கிடைப்பதில்லை. அக்கால டெலிபோட்டோ இணைப்புகளில் பிம்பத்தை 4 மடங்கு பெரிதாக்கினால், தகட்டில் விழும் ஒளி 16இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெறும் லென்ஸில் ஒரு விநாடியில் எடுக்கக்கூடிய படத்துக்கு 16 விநாடிகள் தேவை. மலைச் சிகரம் அசையாமல் நிற்கும். மான் நிற்குமா? கூடவே, நீண்ட குழலில் காற்றின் சிறு அதிர்வும் படத்தைக் குழப்பிவிடும். ஆக, லென்ஸ் பிறந்தும் பல ஆண்டுகள் காட்டுக்கு அது பெரும்பாலும் உதவவில்லை. தகடுகளும் பிலிமும் வேகம் பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே அக்காலத்தவர் தூரத்தை வெல்ல முயலவில்லை. அருகில் செல்லவே தந்திரம் தேடினர். இங்கிலாந்தின் ரிச்சர்ட், செரி கியர்ட்டன் சகோதரர்கள் 1895இல் முழுக்க ஒளிப்படங்களாலான பறவைக் கூடுகள் பற்றிய நூலை வெளியிட்டவர்கள். உள்ளே வெறுமையாக்கிய எருதின் தோலுக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளைப் படம் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷிராஸ் இரவில் படகில் சென்று, திடீர் வெளிச்சம் பாய்ச்சி மான்களை எடுத்தார். அவருடைய 74 படங்களை ‘நஷனல் ஜியோகிரபிக்’ 1906 ஜூலை இதழில் வெளியிட்டது. ஜேர்மனியரான ஷில்லிங்ஸ் கிழக்கு ஆபிரிக்காவில் மாடுகளை இரையாகக் கட்டிவைத்துச் சிங்கங்களை இரவில் படமெடுத்தார். 1905இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே ஒளிவிளக்கும் துப்பாக்கியும் சேர்ந்து நிற்கின்றன.

அருகில் செல்வதற்கு விலையும் உண்டு. பிரித்தானியப் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூடு ஒன்றுக்கு அண்மையில் சென்றபோது, ஆந்தை பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். குஞ்சுகளைக் காத்த தாயாகவே அதைக் கொள்ள வேண்டும். ஹொஸ்கிங் அதன் பிறகும் பல்லாண்டுகள் பறவைகளையே படமெடுத்தார்.

துப்பாக்கியை வைத்துவிட்டுக் கமராவை எடுங்கள் என்று வெளிப்படையாக வாதிட்டவர்களுள் முன்னோடி எட்வர்ட் நோர்த் பக்ஸ்டன். 1902இல் வெளியான அவரது ஆபிரிக்கப் பயண நூலில் இக்கருத்து வலுவாக உள்ளது. ஆனால் அவர் வழி வந்தவர்களும் வேட்டைக்காரரின் மொழியை விடவில்லை. ஆங்கிலத்தில் துப்பாக்கிக்கும் கமராவுக்கும் ஒரே வினைச்சொல். நாம் தமிழில் படம் ‘பிடிக்கிறோம்’. அதுவும் வேட்டைச் சொல்தான். ஆனால் பிடிபட்டது உயிரோடு இருக்கும்.

உண்மையான மாற்றம் 1930களின் நடுவில் தொடங்கியது. பெர்லின் ஒலிம்பிக் போட்டியை ஒட்டி 1936இல் சைஸ் நிறுவனம் 180 மில்லிமீற்றர், எஃப் 2.8 லென்ஸைக் கொண்டுவந்தது. ஓட்டக்காரர்களுக்காகப் பிறந்த வெளிச்சமான லென்ஸ் அது. அதே ஆண்டில் ஜேர்மனியின் எக்ஸாக்டா, கண்ணாடி வழியே பார்க்கும் 35 மில்லிமீற்றர் கமராவைச் சந்தைக்கு அனுப்பியது. லென்ஸ் காண்பதையே கண்ணும் காண்பதால், நீண்ட குழலைக் குறி தவறாமல் குவிக்க முடிந்தது. 1959இல் நிக்கோன் எஃப் வந்தபின் இக்கலை பத்திரிகையாளர்களின் கைக்கும் எட்டியது. 1969இல் கனோன் நிறுவனம் ஃபுளோரைட் படிகத்தை லென்ஸில் பயன்படுத்தியது. சிவப்பும் நீலமும் வெவ்வேறு இடங்களில் குவிவதால் ஏற்படும் நிற ஓரம் நீண்ட லென்ஸ்களின் பழைய நோய். அது வெகுவாகக் குறைந்தது. பின்னர் தானியங்கிக் குவிப்பும், 1995 முதல் அதிர்வைத் தணிக்கும் பொறியும் சேர்ந்துகொண்டன.

இந்த வரிசையில் ஒரு தமிழரும் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996), மயிலாப்பூரில் வாழ்ந்து, ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றி எழுதியவர். ஒரு நிறுவனத்தின் கமரா உடல், வேறொன்றின் டெலி லென்ஸ், இன்னும் சில உதிரிகள் என்று தாமே இணைத்த விந்தையான கருவிக்கு ‘சூப்பர் பொண்டெரோசா’ என்று பெயரிட்டார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. விலை உயர்ந்த கருவி இல்லாவிட்டால் வனவிலங்குப் படம் இல்லை என்று நினைப்பவர்கள், அவருடைய யானைப் படங்களை ஒருமுறை பார்ப்பது நல்லது. 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இலங்கைக்கு வருவோம். போர் ஆண்டுகளில் இங்கு நீண்ட லென்ஸ் சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்டது. சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால், அது யாரை நோக்கியது என்பதே முதல் கேள்வி. போரினால் மூடப்பட்ட வில்பத்து 2003இல்தான் மீண்டும் திறந்தது. 2006 மே மாதத்தில் அங்கு வெடித்த கண்ணிவெடியில் நாவலாசிரியர் நிஹால் டி சில்வா உட்படச் சிலர் மாண்டனர். மறுபடி மூடப்பட்டு, 2010இல் திறக்கப்பட்டது.

அமைதிக்குப் பின்னர் யாலவில் வேறு சிக்கல். பாறை மீது சிறுத்தை படுத்திருக்கும் செய்தி கைத்தொலைபேசியில் பரவியதும் ஜீப்புகள் அவ்விடத்தில் குவிகின்றன. இலட்சக்கணக்கான ரூபாய் விலையுள்ள 600 மில்லிமீற்றர் லென்ஸ் வைத்திருப்பவருக்கு அருகில் போகத் தேவையில்லை. தூரத்திலேயே மீசை முடி தெரியும். ஆனால் ஜீப்பில் இருப்பவர்களில் பெரும்பாலானோரின் கையில் இருப்பது கைத்தொலைபேசி மட்டுமே. அதில் சிறுத்தை ஒரு புள்ளியாகத்தான் விழும். ஆகவே ‘இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள்’ என்கிறார்கள். சாரதியும் போகிறார். அவருடைய அன்றைய சந்தோஷப் பணம் அந்தச் சில யார் தூரத்தில் இருக்கிறது.