நுண்ணறிவு பற்றிய நம்பிக்கைகள் (அறிவியல் கல்வி)

அறிவுத்திறன் பிறவியிலேயே அமைந்துவிடுவதா, பயிற்சியால் வளர்வதா என்பது குறித்து ஒருவர் கொள்ளும் கருத்து. அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் இதை நிலைத்த மனப்பாங்கு, வளர் மனப்பாங்கு என வகுத்தார். மாணவரின் மனப்பாங்கே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் ஆசிரியருடையதுதான் கூடுதல் கவனத்துக்குரியது. எலிசபெத் கேனிங் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் 150 அறிவியல், கணிதத் துறைப் பேராசிரியர்களையும் 15,000 மாணவர்களின் மதிப்பெண்களையும் உள்ளடக்கியது. திறமை மாறாதது என நம்பிய பேராசிரியர்களின் வகுப்புகளில் எல்லா மாணவரின் ஊக்கமும் குறைந்தது. கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களுக்கும் பிறருக்குமான மதிப்பெண் இடைவெளியோ இரு மடங்கு வரை விரிந்தது. பேராசிரியரின் வயது, பாலினம், இனம், அனுபவம் எதுவும் இவ்வளவு வேறுபாட்டை விளக்கவில்லை. வளர் மனப்பாங்கை ஊட்ட மாணவருக்கு மட்டும் தரப்படும் குறும்பயிற்சியின் பயன் சிறிது: அதே ஆண்டு வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வில், பின்தங்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவரின் சராசரித் தரப்புள்ளி ஏறத்தாழ 0.1 மட்டுமே கூடியது.