மிகயில் போத்வின்னிக்: ஆட்டம், ஆய்வு, பயிற்சி

மிகயில் போத்வின்னிக் (17 ஆகஸ்ட் 1911 – 5 மே 1995) சோவியத் ஒன்றியத்தின் முதல் உலக சதுரங்க வாகையர். 1948 முதல் 1963 வரை பட்டம் அவரிடம் இருந்தது. இடையில் இரண்டு முறை இழந்து, இரண்டு முறையும் மறு ஆண்டே மீட்டார். தொழிலால் மின்பொறியாளர், தொழில்நுட்பத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். போட்டிச் சதுரங்கத்துக்குத் தயாராவதை ஒரு முறையான உழைப்பாக மாற்றியதே அவருடைய பெரிய கொடை. ஆடுவது, ஆராய்வது, கற்பிப்பது ஆகிய மூன்றையும் அவர் தனித்தனி வேலைகளாகப் பார்க்கவில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே, அன்று பின்லாந்துப் பெருநாட்டில் அடங்கியிருந்த குவோக்கலாவில் பிறந்தார். பன்னிரண்டு வயதில்தான் ஆட்டத்தைக் கற்றார். இன்றைய கணக்கில் மிகத் தாமதம். ஆனால் 1925இல், லெனின்கிராடில் உலக வாகையர் கபாபிளாங்கா ஒரே நேரத்தில் பலருடன் ஆடியபோது, அவரை வென்றவர்களுள் இந்தச் சிறுவனும் ஒருவன். 1931இல் முதன்முறையாக சோவியத் வாகையரானார். 1936இல் நாட்டிங்காமில் கபாபிளாங்காவுடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். பட்டத்தைக் கையில் வைத்திருந்த அலேகின் 1946இல் இறந்துபோக, காலியான இடத்துக்காக 1948இல் ஹேக் நகரிலும் மாஸ்கோவிலும் ஐவர் மோதினர். போத்வின்னிக் 20 ஆட்டங்களில் 14 புள்ளி எடுத்தார். இரண்டாமவர் ஸ்மிஸ்லோவுக்கு 11.

தம் தயாரிப்பு முறையை அவர் 1930களிலேயே எழுதி வெளியிட்டுவிட்டார். எதிராளியின் ஆட்டங்களைத் திரட்டிப் படிப்பது, சில தொடக்க முறைகளை மட்டும் தேர்ந்து அவற்றை நடு ஆட்டம்வரை ஆராய்வது, அவற்றை நம்பகமான ஒருவருடன் மூடிய அறையில் ஆடிப் பார்ப்பது என்பவை அதன் அடிப்படை. நேர நெருக்கடியில் தடுமாறுபவருக்கு அவர் சொன்ன மருந்து எளிமையானது: வெற்றி தோல்வியை மறந்து, கடிகாரத்தை மட்டும் கவனித்துப் பயிற்சி ஆட்டங்கள் ஆடு. புகை தன் கவனத்தைக் கலைக்கிறது என்று கண்டபோது, நண்பர் ரகோசினைப் புகைபிடிக்கச் சொல்லி அந்தப் புகையிலேயே பயிற்சி ஆட்டங்கள் ஆடினார். போட்டிக்கு ஐந்து நாள் முன்னதாகச் சதுரங்கப் பலகையை அறவே மூடிவிட வேண்டும் என்பதும் அவர் விதி. பரீட்சைக்கு முந்தைய இரவுவரை பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் இந்த ஒரு விதியையாவது கவனிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வற்புறுத்தியது, சொந்த ஆட்டங்களை எழுத்தில் ஆராய்ந்து அச்சிடுவது. வீட்டில் செய்த ஆய்வில் ஓட்டை இருந்தால் அது நம் கண்ணில் படாது. வெளியிட்டால் யாராவது சுட்டிக்காட்டுவார்கள், பிழை திருந்தும் என்றார். இது வெறும் அறிவுரை அல்ல. அவரே அதற்கு உட்பட்டார்.

பல்கேரியாவின் வார்னா நகரில் 1962இல் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் அவர் அமெரிக்காவின் பாபி ஃபிஷருடன் ஆடியது இதற்குச் சிறந்த சான்று. இருவரும் சந்தித்த ஒரே ஆட்டம் அது. ஸ்மிஸ்லோவுடனான பட்டப் போட்டிக்காக முன்பே ஆராய்ந்து வைத்திருந்த ஒரு வரிசையை வெள்ளைக் காய்களுடன் போத்வின்னிக் பயன்படுத்தினார். ஃபிஷர் பலகையிலேயே யோசித்து, ராணியால் ஒரு சிப்பாயை வெட்டி அந்த ஆய்வை உடைத்தார். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டபோது ஃபிஷர் கை ஓங்கியிருந்தது. அந்நாளில் குறித்த நேரம் முடிந்ததும், முறை வரும் வீரர் தன் அடுத்த நகர்வை ரகசியமாக எழுதி உறையிலிட்டு நடுவரிடம் தருவார். மறுநாள் ஆட்டம் தொடரும். இடைப்பட்ட இரவு முழுவதும் ஆய்வுதான். அந்த இரவில் சோவியத் அணியின் கெல்லர், யானைகள் மிஞ்சிய இறுதிக்கட்டத்தைச் சமன் செய்ய ஒரு வழி கண்டார். ஆட்டம் சமனில் முடிந்தது. தான் வென்றிருக்க வேண்டியது என்று ஃபிஷர் 1969இல் வந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார், போத்வின்னிக் மறுத்தார். பிறகு அதே நிலையைத் தம் மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகத் தந்தார். அவர்களுள் ஒருவனான பதின்மூன்று வயதுக் கஸ்பரோவ் அதில் பெரியவர்கள் காணாத ஒரு வழியைக் கண்டான். ஆசிரியர் அதை மாணவன் பெயராலேயே வெளியிட்டார். தோற்கவிருந்த ஓர் ஆட்டத்தை இப்படிப் பாடமாக்கியவர் வரலாற்றில் அரிது.

இந்த மாணவர்கள் பயின்ற போத்வின்னிக் பள்ளி அன்றாட வகுப்புகள் கொண்டதல்ல. 1960களில் தொடங்கிய அதன் அமர்வுகளுக்கு, பள்ளி விடுமுறைகளில் தேர்ந்தெடுத்த சிறுவர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் தன் அண்மை ஆட்டங்களைக் காட்டி விளக்க வேண்டும். தோல்விகளையும் மறைக்கக் கூடாது. பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி வீட்டுப்பாடம். ஆயத்தமான விடைகளைத் தராமல் யோசிக்கும் வழக்கத்தைத் தந்தார் என்பதே மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. கார்ப்போவ் முதல் தலைமுறை; கஸ்பரோவ் 1973இல் பத்து வயதில் வந்தார்; கிராம்னிக் 1980களின் பிற்பகுதியில். மூவரும் உலக வாகையரானார்கள். 1985இல் கார்ப்போவைக் கஸ்பரோவும், 2000இல் கஸ்பரோவைக் கிராம்னிக்கும் வீழ்த்தினர். அந்தக் கிராம்னிக்கை 2008இல் பான் நகரில் வென்றவர் சென்னையின் ஆனந்த். அவர் இளமையில் பழகிய மிகயில் தால் சதுரங்க மன்றம், சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கியது.

சிறுவர்களைக் கணிப்பதில் அவர் எப்போதும் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. சிறுவன் கார்ப்போவிடம் எதிர்காலம் இல்லை என்றே முதலில் நினைத்தார். ஆட்டக்காரராகவும் அவர் வெல்ல முடியாதவர் அல்லர்: 1951இல் பிரான்ஸ்டைனுடனும் 1954இல் ஸ்மிஸ்லோவுடனும் 12–12 எனச் சமன் செய்துதான் பட்டத்தைக் காத்தார். 1957இல் ஸ்மிஸ்லோவும் 1960இல் தாலும் அவரை வீழ்த்தினர். தோற்ற வாகையருக்கு அன்று இருந்த மறுபோட்டி உரிமை அவருக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது உண்மை. ஆனால் அந்த ஓராண்டில் தம் தோல்விகளையே பாடநூலாக்கி, 1961இல் தாலை 13–8 என வென்றது வெறும் விதியின் சலுகை அல்ல. அந்த உரிமை நீக்கப்பட்டபின் 1963இல் பெத்ரோசியானிடம் தோற்றார். அதன்பின் பட்டத்துக்குப் போட்டியிடவில்லை.

1970இல் போட்டி ஆட்டத்தை விட்டு, ‘பயனீர்’ என்ற கணினி நிரலில் இறங்கினார். எல்லா நகர்வுகளையும் எண்ணிப் பார்ப்பதை விட்டு, தேர்ந்த ஆட்டக்காரர்போல் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து யோசிக்கும் நிரலை உருவாக்க விரும்பினார். பல்லாண்டு உழைத்தும் அது எதிர்பார்த்த வலிமையை எட்டவில்லை. வெற்றி கண்டவை நகர்வுகளைக் கோடிக்கணக்கில் அலசிய இயந்திரங்கள்தாம். அவை எல்லார் கைக்கும் எட்டத் தொடங்கிய 1990களில், இடைப்பட்ட இரவின் ஆய்வை இயந்திரமே செய்துவிடும் என்பதால், ஆட்டத்தை ஒத்திவைக்கும் வழக்கமும் பெரும் போட்டிகளிலிருந்து மறைந்தது.