கூட வந்து நின்றவர்கள்: அமெரிக்க இளையோர் கலைப்பயிற்சித் திட்டங்களில் பொறுப்பாளரின் இடம்

1. பொருளும் எல்லையும்

இளையோர் கலைப்பயிற்சியைப் பற்றிய நூல்களில் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள்: கற்றுத்தந்த கலைஞர், கற்றுத் தேறிப் புகழடைந்த மாணவர். பணம் கொடுத்தவரின் பெயர் கட்டடத்தின் முகப்பிலேயே இருக்கும். இவர்களுக்கு நடுவே இன்னொருவர் உண்டு. பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பவர், தயங்கும் தாயிடம் பேசிச் சம்மதம் வாங்குபவர், விண்ணப்பம் நிரப்ப உதவுபவர், மூன்று நாள் வராத பையன் ஏன் வரவில்லை என்று விசாரிப்பவர், கோடை முடிந்ததும் அவனுக்கு அடுத்து எங்கே இடம் கிடைக்கும் என்று தேடுபவர். திட்டப் பொறுப்பாளர், ஒருங்கிணைப்பாளர் என்று பல பெயர்களில் வேலை பார்க்கும் இவரே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு கலைப்பயிற்சித் திட்டம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்றுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, அந்தப் பிள்ளையை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் ஒரு பொறுப்பாளர் அங்கே நிலைத்திருக்கிறாரா என்பதுதான். இதுவே என் துணிபு. சான்றுகளை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். 1889 முதல் இன்றுவரை இத்தகைய முயற்சிகள் அங்கே தொடர்ச்சியாக நடந்துள்ளன, ஆவணங்களும் உள்ளன. பள்ளிப் பாடவேளைக்குள் நடக்கும் ஓவிய, இசை வகுப்புகள் இந்த ஆய்வில் இடம்பெறவில்லை.

2. தொடக்கம்: ஹல் ஹவுஸ்

ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் சிகாகோவின் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். 1891-இல் அங்கே ஓவியக் கூடம் எழுந்தது. 1893-இல் எலனர் ஸ்மித்தின் இசைப்பள்ளி வந்தது. பின்னாளில் ஜாஸ் உலகை ஆண்ட பென்னி குட்மேன், சிறுவனாக ஹல் ஹவுஸின் வாத்தியக் குழுவில் வாசித்தவர். இந்தச் செய்தியைச் சொல்லாதவர் இல்லை.

அவ்வளவாகச் சொல்லப்படாத பெயர் எனெல்லா பெனடிக்ட். ஹல் ஹவுஸின் ஓவியப் பள்ளியைத் தொடங்கி நடத்திய அவர், ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த இல்லத்திலேயே தங்கி வாழ்ந்தார். தந்தை படித்த வகுப்பில் மகனும் வந்து உட்காரும் அளவுக்கு நீண்ட காலம் அது. ஒரு பகுதியின் இரண்டு தலைமுறைகளை ஒரே ஆள் அறிந்திருப்பதன் பயனை எந்தப் பாடத்திட்டத்தாலும் ஈடுசெய்ய முடியாது. பின்வந்த திட்டங்களை நான் அளப்பது இந்த அளவுகோலால்தான்.

3. ஹார்லெம்: அகஸ்டா சாவேஜ்

இந்த வேலையின் முழு உருவத்தையும் ஒரே வாழ்க்கையில் பார்க்க விரும்புவோர் சிற்பி அகஸ்டா சாவேஜைப் படிக்க வேண்டும். 1892-இல் ஃபுளோரிடாவில் பிறந்த கறுப்பினப் பெண். 1923-இல் பிரான்சின் ஃபோன்தென்புளோவில் நடந்த கோடைக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, அமெரிக்கத் தேர்வுக் குழு நிறத்தைக் காரணமாகக் கொண்டு அவருக்கு இடம் மறுத்தது. அவர் அதைப் பத்திரிகைகளில் வெளிப்படையாக எதிர்த்தார். 1929-இல் ரோசன்வால்டு நிதியுதவி பெற்றுப் பாரிஸில் பயின்று திரும்பியதும், 1932-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தம் கூடத்தைத் திறந்து தெருப்பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையிழந்த கலைஞர்களுக்கு அரசே வேலை தர 1935-இல் டபிள்யூ.பி.ஏ. என்ற பணித்துறையின்கீழ் கூட்டாட்சிக் கலைத்திட்டம் தொடங்கியது. நாடு முழுவதும் நூறளவில் சமூகக் கலைமையங்கள் எழுந்தன. ஆனால் அந்தத் திட்டத்தில் கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் தானாக வந்துவிடவில்லை. அதே ஆண்டில் உருவான ஹார்லெம் கலைஞர் சங்கம் போராடித்தான் பெற்றது. அதன் நிறுவனர்களில் சாவேஜும் ஒருவர். 1937-இல் 125-ஆம் தெருவில் ஹார்லெம் சமூகக் கலைமையம் திறக்கப்பட்டபோது அவரே இயக்குநர்.

இங்கே வருகிறார் ஜேக்கப் லாரன்ஸ். 1917-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ஹார்லெமில் இருந்த தாயிடம் வந்து சேர்ந்தார். அங்கே யுடோப்பியா இல்லம் என்ற சிறுவர் மையத்தின் மாலை வகுப்பில் ஓவியர் சார்ல்ஸ் ஆல்ஸ்டன் அவருக்குக் கற்பித்தார். பையனின் திறமையைப் பலரும் பார்த்தார்கள். ஆனால் வீட்டில் வறுமை. படிப்பை விட்டுச் சில்லறை வேலைகளுக்குப் போக வேண்டியிருந்தது. சாவேஜ் அவரைக் கூட்டிக்கொண்டு டபிள்யூ.பி.ஏ. அலுவலகத்துக்குப் போனார். இருபத்தொரு வயது நிரம்பவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரன்ஸ் அதை மறந்துபோனார். சாவேஜ் மறக்கவில்லை. வயது நிரம்பியதும் மறுபடி அவரை அழைத்துப்போய்ப் பதிவு செய்ய வைத்தார். அதன்பின் சுமார் ஒன்றரை ஆண்டு, வாரம் 23.86 டாலர் சம்பளத்தில், படம் வரைவது ஒன்றையே வேலையாகக் கொண்டு லாரன்ஸ் வாழ்ந்தார். அந்த இரண்டாவது அழைப்பு இல்லாமல் தாம் ஓவியராகியிருக்க மாட்டோம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கே பெயர்ந்த வரலாற்றை அறுபது பலகைகளில் தீட்டி 1941-இல் அவர் முடித்தபோது வயது இருபத்துமூன்று. அதில் பாதியை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் மறுபாதியை வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலைக்கூடமும் வாங்கின.

பொறுப்பாளரின் தொழில் முழுவதும் அந்த இரண்டாம் முறைப் பயணத்தில் அடங்கியிருக்கிறது. தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்தது ஆல்ஸ்டன். சம்பளம் கொடுத்தது அரசு. ஓர் இளைஞனின் பிறந்தநாளை மனத்தில் வைத்திருந்து, விதி அனுமதிக்கும் நாளில் அவனைக் கையோடு கூட்டிப்போனது சாவேஜ். இந்தச் செயலை எந்த ஆண்டறிக்கையிலும் ஓர் எண்ணாக எழுத முடியாது.

அவருக்கு நேர்ந்ததையும் பதிவு செய்ய வேண்டும். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகப் பதினாறு அடி உயரச் சிற்பம் ஒன்றைச் செய்து தருமாறு அழைப்பு வந்தது. பாடும் கறுப்பினப் பிள்ளைகளே தந்திகளாக நிற்கும் யாழ் அது. அதற்காக மையத்திலிருந்து விடுப்பு எடுத்தார். அவர் இடத்துக்குக் கவிஞரும் ஓவியருமான குவெண்டொலின் பென்னெட் வந்தார். வேலை முடிந்து திரும்பியபோது சாவேஜுக்கு அங்கே பதவி இல்லை. வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லாததால், கண்காட்சி முடிந்ததும் அந்தச் சிற்பத்தையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். பிறகு அவர் நகரைவிட்டே விலகி சாகர்டீஸ் என்ற சிற்றூருக்குப் போனார்; 1962-இல் மறைந்தார். போர்க்காலத்தில், 1943-இல், கூட்டாட்சிக் கலைத்திட்டமும் முடிந்தது.

தம் பெயர் சொல்லும் படைப்பாகத் தம் மாணவர்களின் படைப்புகளையே சாவேஜ் கருதினார் என்பது உண்மை. அதைப் பெருமையோடு எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேதனையே மிகுதி. சிற்பியாகவும் பொறுப்பாளராகவும் ஒருசேர வாழ அவருக்கு இடம் இருந்திருக்க வேண்டும். விடுப்பில் போய் வந்தவருக்கு அவருடைய நாற்காலியைத் திருப்பித் தர ஒரு விதி இருந்திருந்தால் போதும்.

4. ஊதியம்

லாரன்ஸின் 23.86 டாலர் ஒரு பெரிய பாடம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கலை வகுப்பு இலவசம் என்பது போதாது. அந்த நேரத்தில் அவன் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தை வீடு இழக்கிறது. அரை நூற்றாண்டு கழித்துச் சிகாகோவும் பாஸ்டனும் இதை மறுபடி கண்டுகொண்டன.

சிகாகோவின் நடுவணிகப் பகுதியில் கட்டடங்களை இடித்துவிட்டுக் காலியாகக் கிடந்த ஒரு மனைத்தொகுதி இருந்தது. பிளாக் 37 என்று பெயர். 1991-இல் மேயரின் மனைவி மேகி டேலியும் நகரப் பண்பாட்டுத் துறை ஆணையர் லோயிஸ் வைஸ்பெர்கும் அங்கே கூடாரங்கள் அடித்து, இளையோரைப் பயிலுநர்களாகச் சம்பளத்துக்கு அமர்த்தி, தேர்ந்த கலைஞர்களிடம் வேலை பழக வைத்தார்கள். கேலரி 37 என்ற அந்த முயற்சியிலிருந்து 2000-இல் ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ் என்ற பெரிய அமைப்பு வளர்ந்தது.

அதே 1991-இல் பாஸ்டனில் ஓவியர் சூசன் ராஜர்சன் ஆறு நடுநிலைப்பள்ளி மாணவர்களோடு ஒரு பெரிய ஓவியத்தைத் தீட்டத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்தது ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் ஹியூமானிட்டி. இங்கே பதின்வயதினர் சம்பளம் பெறும் ஊழியர்கள். நிறுவனங்களிடமிருந்து வரும் ஓவிய, வடிவமைப்பு வேலைகளைச் செய்து தருகிறார்கள். வாடிக்கையாளர் கேட்ட தேதியில் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் பொறுப்பாளரின் வேலையும் மாறுகிறது. பதினாறு வயதுப் பெண்ணின் வரைவை வாடிக்கையாளர் நிராகரிக்கும்போது அருகில் இருந்து, எது திருத்தத்தக்கது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவளோடு பேச வேண்டும். வகுப்பறையில் இந்தச் சந்தர்ப்பம் வருவது அரிது.

5. இன்டர்ன்ஷிப்: வாசலைத் திறப்பது

பயிற்சி ஒரு கட்டம். நிறுவனத்துக்குள் நுழைவது வேறொரு கட்டம். அருங்காட்சியகங்களில் ஊதியமில்லா இன்டர்ன்ஷிப் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பெற்றோர் செலவுக்குத் தரக்கூடிய வீட்டுப் பிள்ளைகளே அங்கே போக முடிந்தது. பிறகு வேலைக்கு எடுக்கும்போது அந்த அனுபவம் உள்ளவர்களையே எடுத்தார்கள். 2015-இல் மெலன் அறக்கட்டளை வெளியிட்ட கணக்கெடுப்பில் அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர், பாதுகாப்பாளர், கல்வியாளர், தலைமைப் பதவிகளில் 84 விழுக்காட்டினர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 4 விழுக்காடு. அந்த ஏற்றத்தாழ்வுக்கான காரணங்களில் இந்த வாசலும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கம் இன்டர்ன்களுக்கு ஊதியம் தருமாறு தீர்மானம் போட 2019 வரை ஆயிற்று.

அதற்கு முன்பே வழி காட்டியது லாஸ் ஏஞ்சலிஸ். 1992-இல் அந்நகரம் கலவரத்தில் எரிந்தது. மறு ஆண்டு கெட்டி அறக்கட்டளை, கலைநிறுவனங்களில் இடம் கிடைக்காத சமூகங்களைச் சேர்ந்த கல்லூரி மாணவர்களுக்கு ஊதியத்துடன் கூடிய இன்டர்ன்ஷிப்பை நகரின் பல்வேறு அருங்காட்சியகங்களிலும் கலை அமைப்புகளிலும் தொடங்கியது. இதுவரை 3,000-க்கும் மேற்பட்டவர்கள் அதன்வழி வந்திருக்கிறார்கள். அந்த அறக்கட்டளையை நீண்ட காலம் நடத்திய டெபோரா மேரோவின் பெயரையே இன்று அத்திட்டம் தாங்கியிருக்கிறது. ஒரு நிர்வாகியின் பெயரில் ஒரு திட்டம் இருப்பது அபூர்வம், தகுதியான அபூர்வம்.

இன்டர்ன் என்றால் நகல் எடுப்பவர், காபி வாங்கி வருபவர் என்ற நிலைக்கு இறங்குவது எளிது. அதைத் தடுப்பவர் பொறுப்பாளரே. வரும் மாணவருக்கு எந்த மேற்பார்வையாளர், எந்த வேலை, கையில் எது மிஞ்சும் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வைப்பதும், இடையில் போய்ப் பார்ப்பதும், சரியில்லையென்றால் அந்த நிறுவனத்தோடு வாதாடுவதும் அவர் கடமை.

6. அளவீடு

எந்தத் திட்டத்தையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹிர்ஷ் குழு, ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸுக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. வேலைச்சந்தையில் விலைபோகும் திறன்களில், சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பள்ளியின்மீதான பிடிப்பிலும், தவறான வழிகளில் போகாமையிலும் சில நல்ல விளைவுகள் தெரிந்தன. திட்டத்தை நேசிப்பவர்கள் இந்த முடிவை மறைக்கக் கூடாது. என் வாசிப்பில், குறுகிய காலப் பயிற்சிக்கு எவ்வளவு எல்லை உண்டென்று அது நேர்மையாகச் சொல்கிறது. பயிற்சி முடிந்தபின் தொடர்ந்து கூட வருபவர் இருந்தால் என்ன ஆகும் என்பது அந்த ஆய்வின் கேள்வியில் இல்லை.

மொழியியல் மானுடவியலாளர் ஷர்லி பிரைஸ் ஹீத் வேறு வழியில் பார்த்தார். இளையோர் அமைப்புகளில் பத்தாண்டுக் காலம் அவர்களின் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்தார். கலை அமைப்புகளில் சேர்ந்த சில வாரங்களிலேயே ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்’ என்ற வகைப் பேச்சு பெருகியதைக் கண்டார். அது காற்றில் வருவதில்லை. உன் கருத்து என்ன என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் பெரியவர் ஒருவர் அறையில் இருந்தால் வரும்.

7. பொறுப்பாளர் எங்கிருந்து வருகிறார்

பிட்ஸ்பர்கின் ஏழ்மையான மேன்செஸ்டர் பகுதியில் பள்ளி மாணவனாக இருந்த வில்லியம் ஸ்டிரிக்லண்டு, 1963-இல் ஃபிராங்க் ராஸ் என்ற ஓவிய ஆசிரியர் குயவர் சக்கரத்தில் பானை வனைவதைப் பார்த்து நின்றார். 1968-இல் அவரே மேன்செஸ்டர் கைவினைஞர் மன்றத்தைத் தொடங்கித் தெருப்பிள்ளைகளுக்கு அதே தொழிலைக் கற்பித்தார். பாஸ்டனின் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் ஹியூமானிட்டியில் முதல் மாணவர்களில் ஒருவரான ஜேசன் டால்பட் அதே நிறுவனத்தை நடத்தும் பணியாளர்களில் ஒருவரானார். ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகத்தில் கல்லூரி நாளில் இன்டர்னாக இருந்த தெல்மா கோல்டன் 2005-இல் அதன் இயக்குநரானார். தாம் உள்ளே வந்த வழி எவ்வளவு குறுகியது என்று அறிந்தவர்கள், அடுத்து வருபவருக்காக அதே இடத்தில் நிற்கிறார்கள். இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்க ஒன்றே வேண்டும்: பழைய மாணவர் பணியாளராக வரும்போது அவர் குடும்பம் நடத்தக்கூடிய சம்பளம்.

8. முடிபு

பெரும்பாலான கொடை நிறுவனங்கள் பட்டறைக்கும் கண்காட்சிக்கும் ஓராண்டு நிதி தருகின்றன; அலுவலகச் செலவு என்ற தலைப்பில் வரும் சம்பளத்தைக் குறைக்கச் சொல்கின்றன. சான்றுகள் காட்டும் வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் பொறுப்பாளர், பிறகு பிள்ளைகளின் ஊதியம், அதன்பின் மற்றவை. பொறுப்பாளர் எத்தனை ஆண்டு பணியில் இருக்கிறார் என்பதை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். படைப்பதற்காக அவர் விடுப்பில் போனால் அவருடைய பதவி அவருக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு பொறுப்பாளருக்கு ஐந்தாண்டுச் சம்பளத்தை உறுதி செய்ய முடியாத நிறுவனம் இளையோருக்கான கலைத்திட்டத்தைத் தொடங்காமல் இருக்கட்டும். அந்தப் பணத்தை, ஏற்கெனவே அப்படி ஒருவரை வைத்திருக்கும் அமைப்புக்குக் கொடுக்கட்டும்.