அடுப்பங்கரைக்குள் நுழைந்த வாத்தியார்கள்

இன்று ராஜாக்கள் கதை இல்லை, அடுப்பின் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எரிசக்திச் சிக்கனம் என்றால் இப்போது எல்.இ.டி. பல்பும் ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜும்தான் நினைவுக்கு வரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து வீட்டில் அதிகம் எரிந்தது விறகுதான். மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பானைக்குள் போகும். மீதி காற்றோடும் புகையோடும் போய்விடும். அந்தப் புகையின் வழியில் இருந்தவை நம் அம்மாக்களின் கண்ணும் நுரையீரலும்.

நம் பாட்டிகளுக்கு இது தெரியாமல் இல்லை. கொடியடுப்பு ஞாபகம் இருக்கிறதா? பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாய் இருக்கும். சோறு கொதிக்கும்போது தப்பிப் போகிற அனலில் குழம்பு சுண்டும். அதுவும் எரிசக்திச் சிக்கனம்தான். புகை மட்டும் தீரவில்லை.

படித்தவர்கள் இதில் கை வைத்தது சுதந்திரப் போராட்டக் காலத்தில். காந்தியடிகள் 1934ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் நடத்தியவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தாரே, அவரேதான். அந்த வார்தாவில்தான் 1940களில் புகைபோக்கி வைத்த 'மகன் சூலா' என்ற அடுப்பு வந்தது. காந்தியின் உறவினர் மகன்லால் பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகு 1953ல் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்று ஒரு சிறு நூலே எழுதினார். யோசனை நல்ல யோசனைதான். ஆனாலும் பெரிதாகப் பரவவில்லை.

இப்போது கேரளத்துக்கு வருவோம். அறிவியலை மலையாளத்தில் எழுத வேண்டும் என்று 1962ல் கோழிக்கோட்டில் சிலர் கூடி கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைத் தொடங்கினார்கள். அதில் ஏராளமானவர்கள் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். 1970களின் கடைசியில், குந்திப்புழை ஆற்றில் அணை கட்டினால் அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு மூழ்கிவிடும் என்று இந்த வாத்தியார்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் அதில் முன்னணியில் நின்றார். 1983ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அணை வேண்டாம் என்று சொல்பவரிடம் ஊர் என்ன கேட்கும்? "அப்போ கரண்டுக்கு என்ன வழி?" என்றுதான் கேட்கும். நியாயமான கேள்வி. அணையை எதிர்த்தவர்கள் இருக்கிற எரிசக்தியை வீணாக்காமல் இருப்பதைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. அப்படிப் பேசினால் பேச்சு அடுப்பங்கரைக்குத்தானே போகும்?

1980களில் 'பரிஷத் அடுப்பு' கேரள வீடுகளுக்குள் போனது. அதன் சூத்திரம் எளிது. தீ எரியும் இடத்தை மூடிய அறையாக்கி, பானை அதன் வாயில் கச்சிதமாக உட்காரும்படி செய்தார்கள். முதல் பானையைத் தொட்ட அனல் உள்வழியாக அடுத்த பானைக்குப் போய், அதற்குப் பிறகுதான் புகைபோக்கியில் ஏறும். புகைபோக்கியே காற்றை இழுப்பதால் ஊதுகுழலுக்கு வேலை இல்லை. இதனோடு 'சூடாறாப்பெட்டி' ஒன்றையும் பரப்பினார்கள். அரிசி கொதி வந்ததும் பாத்திரத்தை இறக்கி, சூடு வெளியே போகாத பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் மிச்ச வேக்காடு விறகில்லாமலே ஆகிவிடும். நெடுநேரம் வேகிற கேரளத்துப் புழுங்கலரிசிக்கு இது பெரிய மிச்சம். 1987ல் பாலக்காடு முண்டூரில் ஒரு ஊரகத் தொழில்நுட்ப மையம் அமைத்தார்கள். அங்கே பெரும் சமையல் நடக்கும் பொது இடங்களுக்கான அடுப்புகளும் உருவாயின.

பாலக்காடு சித்தூரில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா மகள் வீட்டில் அப்படி ஓர் அடுப்பைப் பார்த்திருக்கிறேன். அமைத்துக் கொடுத்தவர் அதே ஊர்ப் பள்ளி வாத்தியார். வந்தவர் அடுப்பைப் பற்றி முதலில் பேசவே இல்லையாம். "தினமும் சமைக்கிற பானைகளைக் கொண்டு வாங்க சேச்சி" என்று வாங்கி, அடிப்பக்கத்தை அளந்துகொண்டாராம். ஒரு மாதம் கழித்துத் தானே வந்து, புகைபோக்கியில் படிந்த கரியை எப்படித் தட்டி எடுப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாராம். "என் அடுப்பங்கரைக்கு ரெண்டு தடவை வந்த ஆம்பள அவர் ஒருத்தர்தான்" என்று அக்கா சிரிப்பாள்.

எனக்கு அங்கே பொறாமைதான் வந்தது. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தார். நான் வேலை பார்த்த பள்ளியில் சமையல் கொட்டகை ஐந்தாம் வகுப்புக்கு ஒட்டினாற்போல் இருந்தது. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், பதினோரு மணிக்குக் கரும்பலகை மங்கிவிடும். உள்ளே நின்று கிண்டிய ஆயாவின் கண் வருஷம் முழுக்கச் சிவந்தே இருக்கும். அந்த அடுப்பை அளந்து பார்க்க யாரும் வரவில்லை.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. 1983ன் கடைசியில் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002ல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன. எத்தனை கொடுத்தோம் என்று கணக்கு எழுதினார்கள். எத்தனை எரிகின்றன என்று பார்ப்பது குறைவு. ஏராளமான அடுப்புகள் விரிசல் விட்டு, புகைபோக்கி அடைத்து, மூலையில் கிடந்தன.

இதற்கு ஒடிசாவில் நல்ல சான்று இருக்கிறது. எஸ்தர் டுஃப்லோவும் (2019ல் பொருளாதார நோபல் பெற்றவர்) இரண்டு பொருளாதார அறிஞர்களும் 44 கிராமங்களில் 2,500க்கும் மேற்பட்ட குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த புகைபோக்கி அடுப்புகள் அவை. முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு வித்தியாசமே இல்லை. அடுப்பைப் பராமரிக்கவும் இல்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை என்பதுதான் காரணம்.

சித்தூர் வாத்தியாரின் அந்த இரண்டாவது வருகை எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஆய்வைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பொருளை இறக்கி வைப்பது பாதி வேலை. எரிசக்தி மிச்சமாவது, அதே ஊரில் இருக்கும் ஒருவர் திரும்பப் போய்ப் பார்ப்பதால்தான். அதைச் சம்பளத்துக்கு ஆள் வைத்தும் செய்யலாம். பரிஷத்தின் பலம், அதன் தொண்டர் அந்தத் தெருவிலேயே குடியிருந்தார் என்பது. அடுப்பு புகைந்தால் மறுநாள் பால் வாங்கப் போகும்போது அவரைப் பிடித்துக் கேட்டுவிடலாம். 1996ல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பரிஷத்துக்குக் கிடைத்தது. அதில் இந்த மாதிரித் தொண்டர்களின் கால்நடைக்கும் பங்கு உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்று பல வீடுகளில் கேஸ் வந்துவிட்டது. நல்லது, விறகடுப்பு திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெந்நீருக்கும் விசேஷச் சமையலுக்கும் பின்கட்டில் விறகு இன்னும் எரிகிறது. ஊருக்குள் வந்தால், பேட்டரி செத்த சூரிய விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

உங்களில் சிலர் சொந்த ஊரில் பள்ளிக்கு சோலார் வைக்கவும், நூலகத்துக்கும் அங்கன்வாடிக்கும் பல்பு, ஃபேன் மாற்றவும் கிளம்பியிருக்கிறீர்கள். கேட்கவே பெருமையாக இருக்கிறது. பணம் திரட்டும்போதே, ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கப் போகிறவர் யார் என்றும் ஒரு பெயரை எழுதி வையுங்கள். அவர் அந்த ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் புகையில்லா அடுப்பு இருந்ததா? யார் வந்து போட்டுக் கொடுத்தது, எத்தனை நாள் ஓடியது? அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டுக் கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.