ஒரே பெருக்கல், பல வேகங்கள்

பிரெஞ்சு வானியலாளர் தெலூனே நிலவின் பாதையை எழுத்துகளாலேயே கணக்கிட்டார். அவருடைய விடை ஓர் எண் அல்ல. பக்கம் பக்கமாக நீளும் இயற்கணிதக் கோவை. கணக்கிட 10 ஆண்டு, சரிபார்க்க இன்னொரு 10 ஆண்டு. இரண்டு தொகுதிகளாக 1860இலும் 1867இலும் வெளிவந்தது. 1970இல் போயிங் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூவர் அதே கணக்கைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 20 மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தெலூனேயிடம் கண்ட பிழைகள் மூன்றே மூன்று; அதிலும் இரண்டு, முதல் பிழையின் விளைவு.

கணினி மனிதனை முந்திய கதை இது. கணினிக்குள்ளேயே யார் யாரை முந்தினார்கள் என்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

2003இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபேட்மேன் ஓர் எளிய சோதனை வைத்தார். 1+அ+ஆ+இ என்பதை 20ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரிக்க வேண்டும். வரும் கோவையில் 1,771 உறுப்புகள். அதை, அதனோடு 1 கூட்டிய கோவையால் பெருக்க வேண்டும். மூன்று மில்லியனுக்கு மேற்பட்ட சிறு பெருக்கல்கள். கடைசியில் மிஞ்சுவது 12,341 உறுப்புகள். அவ்வளவுதான் கணக்கு. ஆனா சில மென்பொருள்கள் சில நொடிகளில் முடித்தன. வேறு சில நிமிடக்கணக்கில் இழுத்தன.

நம் வேலையிடங்களில் ஒரு நிரல் மெதுவாக ஓடினால் முதலில் வரும் கேள்வி, "எந்த மொழில எழுதின?" என்பதுதான். இங்கே அந்தக் கேள்வி பாதி விடையைக்கூடத் தராது. உறுப்புகளை நினைவகத்தில் எப்படி அடுக்கி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று மாறிகளின் அடுக்குகள் 3, 2, 1 என்றால் அவற்றை 30201 என்று ஒரே எண்ணாக எழுதலாம். 1, 4, 2 என்பது 10402. இரண்டையும் கூட்டினால் 40603, அதாவது 4, 6, 3. மாறிகளின் பெருக்கல் ஒரே கூட்டலில் முடிந்துவிட்டது! இப்படிச் செய்யாத நிரல், ஒவ்வொரு உறுப்புக்கும் நினைவகத்தில் அங்கும் இங்கும் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது, வந்த உறுப்புகளை வரிசைப்படுத்திச் சேர்ப்பது. 1974இல் ஸ்டீபன் ஜான்சன் ஒரு வழி சொன்னார். முதல் கோவையின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரிசை. எல்லா வரிசைகளின் தலையில் நிற்பவற்றை மட்டும் ஹீப் என்ற அமைப்பில் வைத்து, பெரியதை முதலில் எடுத்துக்கொண்டே போவது. மில்லியன் கணக்கில் உறுப்புகள் பிறந்தாலும், காத்திருப்பவை 1,771க்கு மேல் போகாது. நினைவகம் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தின் சிக்கனம் இது. நினைவகம் மலிவானதும் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

2007இல் கனடாவின் மோனகனும் பியர்ஸும் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். செயலியின் வேகம் ஏறிய அளவுக்கு நினைவகத்தின் வேகம் ஏறவில்லை. செயலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்துக்குள் அடங்கும் வேலையே விரைவாக முடிகிறது. ஜான்சனின் ஹீப் அதற்குள் அடங்கியது. பழைய சிக்கனத்துக்குப் புதிய காரணம் கிடைத்தது. அவர்களுடைய நிரல் பிறகு மேப்பிள் மென்பொருளுக்குள்ளும் போனது.

பொறியியல் படித்த நாம் பழைய கட்டுரைகளைப் பெரும்பாலும் திறந்தே பார்ப்பதில்லை. "அதெல்லாம் காலாவதி" என்று விட்டுவிடுகிறோம். ஒரு வழிமுறை தோற்றதா, அல்லது அன்றைய இயந்திரத்துக்கு அதன் தேவை இல்லாமல் போனதா என்பது, யாராவது ஒரே கணக்கை மறுபடி எல்லோரிடமும் கொடுத்து அளந்து பார்த்தால்தான் தெரியும்.