தாதி

தாதி (பெ.): நோயாளியைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவர். பன்மை: தாதியர்.

தமிழ்நாட்டில் 'செவிலியர்' என்பதை மலேசியாவிலும் இலங்கையிலும் 'தாதியர்' என்பார்கள். மலேசியாவின் செலாயாங் மருத்துவமனை வார்டில் பேச்சுவழக்கு 'மிஸ்ஸி'. மறுநாள் நாளிதழ்ச் செய்தியில் அவரே தாதி. மலாயில் 'ஜூருராவாட்': ஜூரு என்றால் வல்லுநர், ராவாட் என்றால் பராமரிப்பு.

தாதி, பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும் 'தாத்ரீ' என்ற வடசொல்லின் வழி வந்தது. பணிப்பெண் என்ற பொருளில் வரும் தாதி வேறு. அது 'தாசி'யின் திரிபு. எழுத்து ஒன்றாகிவிட்டதால், ஏவியதைச் செய்பவர் என்ற நிழல் இச்சொல்மேல் விழுந்தது.

தொழில் அப்படிப்பட்டதல்ல. சங்க அகப்பாடல்களில் வளர்ப்புத்தாயான செவிலி, மகளின் மெலிவைக் கவனிப்பவள். காரணம் காதல் என்று அறியாமல் தவறாகக் கணித்தால், முருகன் வருத்தினான் என்று வீட்டில் வெறியாட்டுச் சடங்கு நடக்கும், நோய் தீராது. கவனிப்பதும் பொருள் காண்பதும் வேறு வேறு திறன்கள். தாதிமை ஆய்வாளர் கிறிஸ்டின் டானர் 2006இல் வெளியிட்ட தாதிமை முடிவெடுப்பு மாதிரியும் இவற்றைப் பிரிக்கிறது: கவனித்தல், பொருள் காணல், செயல்படல், திரும்பிப் பார்த்தல்.

1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமில்லாப் பதிவுமுறைக்குப் பெயர்பெற்றது. ஆனால் கணினி, உள்ளிட்டதைத்தான் காட்டும். மூச்சு நிமிடத்துக்கு 16இலிருந்து 26ஆக ஏறி, ரத்த அழுத்தம் இன்னும் சரியாகவே இருக்கும்போது, 'இவர் மோசமாகிறார்' என்று ஊகித்து உடனே மருத்துவரை அழைப்பவர் தாதி. மாணவர்கள் சொல்லின் இந்தப் பொருளைத்தான் பயில வேண்டும்.